ஆடிக்காத்தைத் தாங்குன வாழை புயலைத் தாங்குமா? 2017 ஓகி புயல் அப்போ ஊர்ல இருந்தவங்க சொல்லுங்க

களக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில வேலை பாக்கேன், ஊரு திருநெல்வேலி ஜில்லா களக்காடு பக்கம். அப்பா அம்மா மட்டும்தான் அங்க இருக்காங்க. அப்பா இந்த வருசம் சொந்த வயலோட ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கும் எடுத்து ஏத்தன் வாழை போட்டுருக்காரு, பாதி மரம் குலை தள்ளியாச்சி, மீதி தள்ளுத பருவம். குமரிக்கடல்ல காத்தழுத்தம் உருவாகுதுன்னு ரெண்டு நாளா டிவில சொல்லுதான், அதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

போன் போட்டு கம்பு கட்டியாச்சாப்பான்னு கேட்டா, "ஆடியில கட்டுனது அப்படியே நிக்கி, ஆடிக்காத்தையே தாங்கிட்டு இனி என்ன வரப்போவுது"ங்காரு. அது போக நம்ம பக்கம் புயல் கரையைக் கடந்ததா சரித்திரமே கெடையாதாம். 2020ல புரெவிப் புயல் வருது புரெவி வருதுன்னு நம்ம ஜில்லா உட்பட ஆறு ஜில்லாவுக்கு லீவு விட்டாங்கல்லா, கடைசில ஒரு இலை கிழியல, மழை பூரா சிதம்பரத்துக்குப் போயிட்டு. அதைச் சொல்லியே என் வாயை அடைச்சிருதாரு. ஓகி அப்போ நான் கோயம்புத்தூர்ல படிச்சிட்டு இருந்தேன், நேர்ல எதுவும் பாக்கல. அப்பாவைக் கேட்டா "அதெல்லாம் நாரோயில் (நாகர்கோவில்) பக்கம்தான்"னு முடிச்சிக்கிடுதாரு.

ரெண்டு கேள்வி. ஓகி அப்போ நம்ம பக்கம் வாழைக்கு நெஜமா என்ன ஆச்சி? இன்னொன்னு, சித்தி வீடு கூட்டப்பனை பக்கம், கடல்ல இருந்து நடந்து போற தூரம், பழைய ஓட்டு வீடு. அவங்களை எப்போ கெளம்பச் சொல்லணும், அலர்ட் என்ன கலர் வந்தா பயப்படணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அப்பாகிட்ட அப்படியே காட்டணும்.

ஏத்தன்விளை:

தம்பி, உங்க அப்பா சொல்லுத அதே வார்த்தையை 2017ல நானும் சொன்னேன், அதனால அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கு ஏர்வாடி பக்கம் தோட்டம், அப்போ எண்ணூத்திச் சொச்சம் ஏத்தன் நின்னுச்சி. நம்ம ஊர்க்காரன் எவனும் காத்துக்குப் பயப்பட மாட்டான். வைகாசி பாதியில ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் கணவாய் வழியா அடிக்குத அடியில வளந்தவனுவ நாம, பணகுடி காவல்கிணறு முப்பந்தல்னு இத்தனை காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான். ஆனா வெனையே அங்கதான் இருக்கு.

ஆடிக்காத்து மேக்க இருந்து வரும், மரத்தைக் கிழக்க பாத்துத் தள்ளும். அப்போ கம்பை எங்கன ஊணுவோம்? கிழக்குப் பக்கம். கழுத்துல முட்டுக் குடுத்து ஒரு கயித்தைச் சுத்தி விட்டுட்டு அந்தாக்குல வீட்டுக்கு வந்துருவோம். ஓகி அன்னைக்கி காத்து வந்தது வாடைப் பக்கமும் கிழக்கயும் இருந்து. மரத்தை மேக்க தள்ளுனா கிழக்க நிக்குத கம்பு என்ன செய்யும், சும்மா வேடிக்கை பாக்கும்.

மழை கொஞ்சம் விட்டதும் தோட்டத்துக்குப் போனேன். கம்பெல்லாம் ஊணுனது ஊணுனபடி நிக்கி தம்பி. மரம் மட்டும் படுத்துக் கெடக்கு, அம்புட்டும் ஒரே பக்கம் தலை வச்சி, யாரோ சீப்பு போட்டு வாரி விட்ட மாதிரி. ஒவ்வொரு கம்பு உச்சியிலயும் நான் கட்டுன கயிறு மட்டும் ஆடிக்கிட்டு நின்னுச்சி. மரம் விழுந்ததை விட அதைப் பாத்ததுதான் எனக்கு வயித்தைப் பெரட்டிட்டு. காய் முத்தல, வெட்ட இன்னும் மூணு வாரம் கெடந்துச்சி, வியாபாரி வந்து எட்டிப் பாத்துட்டு வெலையே சொல்லாம வண்டியை எடுத்துட்டாரு. மாட்டுக்கு வெட்டிப் போட்டோம், மூணாம் நாள் மாடும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு.

இப்போ செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். வெட்டுப் பக்குவத்துல இருக்க குலை எதுவா இருந்தாலும் நாளைக்கே வெட்டி அனுப்பிருங்க, வெலை நாலு ரூவா கொறஞ்சாலும் பரவாயில்ல. காஞ்ச இலை, கீழ் இலை எல்லாம் கழிச்சி விட்டா காத்து பிடிக்கது கொறையும். மரத்து மூட்டுல மண்ணு அணைக்கணும், வாய்க்காலை வெட்டி விடணும், ஏன்னா ஊறுன மண்ணுல நீ இரும்புக் கம்பியே கட்டுனாலும் வேரோட பிடுங்கிக்கிட்டுத்தான் வரும். புதுசா ஊணுத கம்பை மரத்துக்கு மேக்க ஊணணும், இதை ரெண்டு தடவை சொல்லுங்க அப்பாகிட்ட. அவ்வளவு மரத்துக்கும் ரெண்டு நாள்ல கட்ட முடியாது, ஆளும் கெடைக்காது. வடக்கு ஓரத்துலயும் கிழக்கு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு வரிசைக்குக் கட்டுனா உள்ள இருக்கது கொஞ்சம் தப்பும். காத்து அடிக்கும்போது மட்டும் தோட்டத்துக்குள்ள போக விட்டுராதீய, போவாரு, நானும் போனேன், கரண்டுக் கம்பி அறுந்து கெடந்தது வெளிய வந்த பொறவுதான் தெரியும்.

மழைமானி:

ஏத்தன்விளை அண்ணாச்சி கண்ணால பாத்தது கணக்குக்கு அப்படியே ஒத்து வருது, நான் வானிலை வரைபடம் பாக்குற பைத்தியம், அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். பூமியோட வடக்குப் பாதியில, அதாவது நம்ம பக்கம், புயல் கடிகார முள்ளுக்கு எதிர்ப் பக்கமா சுத்தும். 2017 நவம்பர் 30 காலைல ஓகியோட மையம் கன்னியாகுமரிக்குத் தெக்க ஏறக்குறைய 60 கிமீல கடலுக்குள்ள இருந்துச்சு, அப்போ நாம அதுக்கு வடக்க. மையத்துக்கு வடக்க நிக்கிறவனுக்குக் காத்து கிழக்க இருந்துதான் வந்தாகணும், வேற வழியே கெடையாது. அதனால ஆடிக்காத்தைத் தாங்குச்சேங்குறது ஒரு ஆறுதலே இல்ல.

கரையைக் கடக்கலங்குறதும் அப்படித்தான். ஓகி தமிழ்நாட்டுல எங்கயுமே கரையைக் கடக்கல. நம்ம தெக்கு மூலையை ஒரசிட்டு லட்சத்தீவுப் பக்கம் போயி, அரபிக்கடல்ல மணிக்கு 150 கிமீக்கு மேல வேகம் எடுத்து, கடைசில குஜராத் பக்கம் போய்த் தேஞ்சுச்சு. ஒரசிட்டுப் போனதுக்கே கன்னியாகுமரி ஜில்லாவுல ரப்பர், வாழை, கரண்டு கம்பம்னு ஆயிரக்கணக்குல சாஞ்சு நாள் கணக்கா இருட்டுல கெடந்தாங்க. அதே கிழக்குக் காத்து மலைல மோதி மேல ஏறுனதுலதான் பாபநாசத்துல ஒரே நாள்ல 45 செமீ கொட்டுச்சு. நாரோயில் பக்கம்தான்னு அப்பா சொல்றதுல பாதிதான் நெஜம், அவங்களுக்குக் காத்து, நமக்குக் காத்தோட மலைத்தண்ணியும் சேத்து.

புரெவி பத்தி. அது திரிகோணமலைப் பக்கம் ஏறி, மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ராமநாதபுரம் பக்கத்துலயே அசையாம நின்னு பலமிழந்து போச்சு. அது பாம்பன்கிட்ட சோந்து போகாம இருந்துருந்தா உங்க அப்பா இன்னைக்கு வேற கதை சொல்லிட்டு இருப்பாரு. (ஓகின்னா கண்ணுன்னு அர்த்தமாம், பேரு வச்சது வங்கதேசம். கேக்காமலே சொல்றேன்.)

ஜங்ஷன் தாத்தா:

நம்ம பக்கம் கரையைக் கடந்ததே இல்லைன்னு சொன்ன ஆளை நான் பாக்கணுமே. 1992 நவம்பர் மாசம், 13ம் தேதி, தூத்துக்குடிப் பக்கம்தான் ஏறுச்சி. அப்போ உங்க அப்பாவுக்கு என்ன வயசு? மறந்துட்டா போவும்? மாஞ்சோலைக்கு மேல காக்காச்சியில ஒரே நாள்ல 96 செமீ பெஞ்சிருக்கு. காத்தைப் பத்தி எவன் பேசுனான், எல்லாம் தண்ணிதான். நாங்க அப்போ மீனாட்சிபுரத்துல வாடகைக்கு இருந்தோம். ராத்திரி நாய் விடாம கொலைக்கி, என்னடான்னு எந்திரிச்சிக் காலைக் கீழ வச்சா கணுக்கால் அளவு தண்ணி, கட்டிலுக்கு அடியில கெடந்த செருப்பு நடு ரூம்ல மெதக்குது. என் பொஞ்சாதி அரிசிப் பானையைத் தலையில வச்சா, நான் ரேசன் கார்டையும் டிவியையும் தூக்குனேன், எதுக்கு டிவின்னு இன்னைக்கி வரைக்கும் கேக்கா.

தாமிரபரணி ஆத்துல வெள்ளம்னா நமக்கு ஒரே அளவுகோலு குறுக்குத்துறை முருகன் கோயில்தான். உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போயாச்சின்னு கேட்டா சாமான் கட்ட ஆரம்பிச்சிரணும். டிவியில கலர் கலராப் போடுததை எல்லாம் நான் பாக்கதில்ல.

மழைமானி:

தாத்தா அது தாமிரபரணிக் கரைக்காரங்களுக்கு சரி, களக்காட்டுக்காரருக்கும் கூட்டப்பனைக்காரங்களுக்கும் அது உதவாதே. 2023 டிசம்பர் 17, 18ல முருகனை மட்டும் பாத்துட்டு இருந்துருந்தா திருச்செந்தூர் பக்கத்து ஆளு என்ன ஆகிருப்பான்? காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செமீ, அது தலைக்கு நேரா கொட்டுன மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸை நிப்பாட்டி நூத்துக்கணக்கான பேரு ரெண்டு நாள் மாட்டிக்கிட்டாங்க, தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியே இல்லாம அந்தரத்துல தொங்குச்சு. இத்தனைக்கும் அது புயல் கூட இல்ல, பேரே வைக்காத வெறும் சுழற்சி.

கூடுதாழை வள்ளம்:

சித்தி வீடு பத்திக் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலயே, எல்லாரும் வாழைத்தோப்புலயே நிக்கீய.

நான் கடல் தொழில்காரன். எங்க பக்கம் வள்ளம் அநேகமா சாயந்தரம் எறங்கி வெள்ளாப்புல கரைக்கு வந்துரும், ரெண்டு மூணு வாரம் தங்கல் போறது தூத்தூர் சின்னத்துறை வள்ளவிளைக்காரங்க. ஓகிக்கு முந்தின ராத்திரி எங்க ஊர்ல கொஞ்சப் பேருதான் எறங்குனோம், கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்லத்தான் செஞ்சாங்க, ஆனா அப்போ சொன்ன வார்த்தை காத்தழுத்தத் தாழ்வு, அதை ஐப்பசி கார்த்திகையில வாராவாரம் கேக்கோம், அதுக்கெல்லாம் வீட்டுல இருந்தா அடுப்பு எரியுமா. புயல்ங்குற வார்த்தை வந்தது 30ம் தேதி பகல்ல, அப்போ அது தலை மேல வந்துட்டு.

ரெண்டு ரெண்டரை மணி இருக்கும், வாடையா அடிச்சிக்கிட்டு இருந்த காத்து கொண்டலுக்கு, அதாவது கிழக்குக் காத்தா, திரும்புச்சி, நீவாடும் (கடல் நீரோட்டம்) மாறிட்டு. என் பெரியப்பா அணியத்துல (வள்ளத்து முன்பக்கம்) உக்காந்து இருந்தவரு ஒரு வார்த்தை பேசல, கத்தியை எடுத்து வலையை அறுத்து விட்டாரு. கடன் வாங்கிப் போட்ட வலை. எனக்கு அப்போ அவரு மேல அவ்வளவு கோவம், கரை தெரியுத வரைக்கும் மூஞ்சி குடுத்துப் பேசல. வலையை இழுத்துப் போட்டுட்டுத்தான் வரணும்னு நின்னுருந்தோம்னா இதை டைப் பண்ண நான் இருக்க மாட்டேன்.

என் மச்சான் தங்கல் போட்டுல இருந்தான், போட்டு கெளம்பி ஒரு வாரம் ஆயிருந்துச்சி, அந்த ஆழத்துக்கு செல்போன் எடுக்காது, வயர்லெஸ்ஸும் கொஞ்ச தூரம்தான் கேக்கும், அவங்களுக்கு எச்சரிக்கையை யாரு போய்ச் சொல்ல. சில போட்டு லட்சத்தீவுல ஒதுங்குச்சி, சிலது மகாராஷ்டிரா தேவ்கட் வரைக்கும் போயி ஏறுச்சி. பத்து நாள் கழிச்சி எவனோ ஒருத்தன் போன்ல இருந்து அவன் கொரலைக் கேட்டோம். எல்லா வீட்டுக்கும் அந்தப் போன் வரல. அதனாலதான் டிசம்பர் 7ம் தேதி குழித்துறை ஸ்டேஷன்ல அவ்வளவு சனமும் தண்டவாளத்துல போயி உக்காந்துச்சி, தேடுங்க, எங்களையும் கூட்டிட்டுப் போயித் தேடுங்கன்னு. கடல்ல எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிருக்கும்னு எங்களுக்குத்தான தெரியும். அதுக்குப் பொறவுதான் சாட்டிலைட் போனு, நாவிக் கருவின்னு குடுக்க ஆரம்பிச்சாங்க.

சித்திக்கு வாறேன். கலரை எல்லாம் விடுங்க. கோயில் மைக்ல வள்ளத்தை மேல ஏத்தச் சொல்லி அறிவிப்பு வந்து, ஊர்க்காரங்க எஞ்சினைக் கழட்டி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்கன்னா, அன்னைக்கி சாயந்தரமே உங்க சித்தி ஓட்டு வீட்டை விட்டு ஸ்கூலுக்கோ கான்கிரீட் போட்ட சொந்தக்காரங்க வீட்டுக்கோ போயிரணும். ராத்திரி ஓடு பறக்க ஆரம்பிச்ச பொறவு வெளிய வாறதுதான் ஆபத்து, ஓடு கத்தி மாதிரி வரும். ஆதார், ரேசன் கார்டு, மாத்திரை ஒரு கவர்ல போட்டு முடிஞ்சி வச்சிக்கிடச் சொல்லுங்க. போன் டவர் முதல் நாளே போயிரும், நீங்க சென்னையில இருந்து நூறு தடவை அடிச்சி லைன் கெடைக்கலன்னு அலமலந்து போவீய, அதனால எங்க இருப்பாங்கன்னு இப்பவே கேட்டு வச்சிக்கிடுங்க.

இ-சேவை அக்கா:

விழுந்த பொறவு எங்க கடைக்குத்தான் எல்லாரும் ஓடி வருவீங்க, அதனால முன்னாடியே சொல்லிருதேன். தோட்டத்தை இப்பவே, நல்லா நிக்கும்போதே, நாலு மூலையில இருந்தும் போட்டோ எடுத்து வைங்க. விழுந்த போட்டோவை மட்டும் கொண்டு வந்தா முன்னாடி எத்தனை மரம் நின்னுச்சின்னு கேள்வி வரும். அடங்கல்ல (எந்த நெலத்துல என்ன பயிர்னு எழுதி வைக்குத கிராமக் கணக்கு) வாழைன்னு ஏறியிருக்கான்னு பாருங்க, போன வருசம் நெல்லு போட்டதே அப்படிக் கெடக்கும். குத்தகை நெலம்னா எழுத்துல ஏதாவது இருக்கா? வாய்ப்பேச்சுதான்னா நிவாரணப் பணம் நெலத்துக்காரர் பேருக்குப் போயிரும், அவரு குடுத்தா உண்டு. பாதிப்பு 33 சதவீதத்துக்கு மேலன்னு அதிகாரிங்க எழுதுனாத்தான் அரசு நிவாரணமே. காப்பீடு கட்டியிருந்தீங்கன்னா அது வேற கணக்கு, உங்க தோட்டத்தை மட்டும் பாக்க மாட்டாங்க, அந்தப் பகுதிக்கே மொத்தமா வெளைச்சல் கொறஞ்சிருக்கான்னுதான் பாப்பாங்க. பக்கத்துத் தோட்டக்காரர் நல்லா கம்பு கட்டித் தப்பிச்சிட்டா அது உங்க கணக்கைக் கொறைக்கும், இதை என்னன்னு சொல்ல.

ஏத்தன்விளை:

அக்கா சொல்லுதது சத்தியம். எனக்கு அடங்கல்ல உளுந்துன்னு கெடந்துச்சி. உளுந்து எப்படிம்மா ஒடிஞ்சி விழும்னு ஆபீஸ்ல கேட்டுச் சிரிச்சாவ.

களக்காட்டான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி வீடியோ கால் போட்டு இது எல்லாத்தையும் அப்பாகிட்ட வாசிச்சிக் காட்டுனேன். 92னு சொன்னதும் அம்மா உள்ள இருந்தே "ஆமா, அந்த வருசம்தான உங்க அண்ணன் கல்யாணத்துக்குப் போன பஸ்ஸு திரும்பி வரல"ன்னு சத்தம் போட்டா, அப்பா கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. வலையை அறுத்ததை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாரு.

இன்னைக்கி வெள்ளன போன் வந்துச்சி. நாப்பது குலை வெட்டி ஆட்டோவுல ஏத்தியாச்சாம். குத்தகை வயலுக்கு எழுத்து எதுவும் இல்ல, அது எனக்கு இப்பத்தான் தெரியும், நெலத்துக்காரரு சேக்காளிதான்ங்காரு, அதுக்கு மேல கேக்க முடியல. சித்தி புதன்கிழமை வள்ளியூருக்கு மக வீட்டுக்குப் போறாங்க, கோழியை என்ன செய்யன்னு மட்டும்தான் அவங்க கவலை.

கம்பு விசயத்துல பாதி ஜெயிச்சிருக்கேன். வடக்கு ஓரத்துக்கு ஆள் விட்டுருக்காரு. கிழக்க ஊணியிருக்கதைப் பிடுங்கி மேக்க ஊணுனா செலவில்லாம முடிஞ்சிரும்லாங்காரு. அப்படிச் செய்யலாமா?

ஏத்தன்விளை:

வேண்டாம்னு சொல்லுங்க, பிடுங்குன குழியில தண்ணி எறங்கி மூடு எளகிரும். புதுக் கம்பு வாங்கச் சொல்லுங்க. எங்கிட்ட நூத்தம்பது சவுக்குக் கம்பு சும்மா கெடக்கு, இந்தத் தடவை நான் ஏத்தன் போடல, வண்டி மட்டும் அனுப்பச் சொல்லுங்க.

களக்காட்டான்:

அண்ணாச்சி, அப்பா பக்கத்துலதான் இருக்காரு. கம்பு எத்தனை அடின்னு கேக்காரு.